மெற்றில்டாவை முறைத்தவர்கள்

ஒஸ்வால்ட் கட்டிய சுவரில்தான் எல்லாம் தொடங்கியது.

கொட்டாஞ்சேனைப் பேராலயத்துக்குப் பின்னால் துறைமுகப் பக்கமாகச் சரிந்து இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் மெற்றில்டாவின் வீடும் ஒஸ்வால்டின் வீடும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு கைவண்டி போகுமளவுக்குச் சந்து. தகப்பன்மார் காலத்திலிருந்து அது பொது. தொண்ணூற்றுநான்காம் ஆண்டு மெற்றில்டா தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்க் கொட்டில் போட்டு இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது அந்தச் சந்தைக் காணவில்லை. ஒஸ்வால்ட் சீமெந்துக் கல்லால் அடைத்து, மேலே கொங்கிறீற்றும் போட்டு, தன் வீட்டுக்கு ஓர் அறை சேர்த்திருந்தான். அவளுடைய குசினி யன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பூசாத சுவர். பகலிலும் மின்குமிழைப் போட்டுத்தான் தேங்காய் துருவ வேண்டியிருந்தது.

மெற்றில்டாவுக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கோட்டையில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் தட்டெழுத்து வேலை. கலியாணம் செய்யவில்லை. பேசி வந்தவர்களை அவளுடைய நாக்கே துரத்திவிட்டதென்று ஒழுங்கையில் ஒரு கதை உண்டு. அவள் அதை மறுத்ததில்லை. அதுவரை ஒஸ்வால்டை 'அண்ணை' என்று கூப்பிட்டவள், அன்றோடு அதை விட்டாள்.

"ஒஸ்வால்ட், இது ஆரைக் கேட்டுக் கட்டினது?"

ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். உயரத்திலிருந்து கீழே இருப்பவர்களை அதட்டி அதட்டிப் பழகிய தொண்டை.

"உன்னட்டக் கேக்க நீ ஊரில இருந்தியா? போய் வழக்கு வை."

வைத்தாள். மத்தியஸ்தத்துக்குப் போகும்போது கையில் ஆதாரம் வேண்டுமென்று யாரோ சொன்னார்கள். கப்பலில் வேலை செய்யும் தம்பி றேமண்ட் ஏதோ ஒரு துறைமுகத்தில் மலிவாக வாங்கி அலுமாரியில் போட்டுவிட்டுப் போன ரஷ்யக் கமரா ஒன்று வீட்டில் கிடந்தது. இரும்புக்கட்டி போலப் பாரம். பிலிம் வாங்கிப் போட்டு, குசினிக்குள் நின்று யன்னலையும் சுவரையும் எடுத்தாள். சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஜாபிரிடம் கழுவக் கொடுத்தாள்.

மத்தியஸ்தத்துக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் படத்தை வாங்கினார். நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்.

"மே மொக்கத?" என்றார். இது என்ன?

படத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு மூலையில் மின்குமிழ் மட்டும் வெள்ளைப் பொட்டாக எரிந்தது. மற்றதெல்லாம் கறுப்பு.

"அது என்ர சுவர் இல்லை ஐயா," என்றான் ஒஸ்வால்ட் சிங்களத்தில், சபை முழுவதும் கேட்கத்தக்கதாக. "அது இந்த மனுசியின்ர மனசு."

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். வழக்கு பிற்போடப்பட்டது. வழக்கு பிற்போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு காதுக்குள் இருந்து போக மறுத்தது.

நேரே ஜாபிரின் ஸ்ரூடியோவுக்குப் போய்ப் படத்தை மேசையில் எறிந்தாள். "என்ன கழுவினீங்கள்? ஒண்டும் விழேல்ல."

ஜாபிர் அடையாள அட்டைப் படங்களைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார். வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்கள் எல்லோருக்கும் பொலிஸ் பதிவுக்கும் பாஸ்போட்டுக்கும் படம் தேவைப்பட்ட காலம். அவருக்கு நிமிர நேரமில்லை.

"நான் கழுவினதுல பிழை ஒண்டும் இல்ல மிஸ். வெளிச்சம் இல்லாத இடத்துல எடுத்தா எப்பிடி வரும்? கமராவுல நம்பர் எல்லாம் சும்மாவா போட்டு ஈக்கி?"

"அதுகள் என்னத்துக்கு?"

"எனக்கு வேல ஈக்கி மிஸ். கமராவோட பொஸ்தகம் ஒண்டு வந்திருக்கும். வாசிங்க."

அலுமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். மெற்றில்டா நாள் முழுவதும் ஆங்கிலம் தட்டுகிறவள். இரவுச் சாப்பாட்டை மறந்து அதை இரண்டு தரம் வாசித்தாள். அதன் பிறகு அந்தச் சுவரை விடவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் எடுத்தாள். சனிக்கிழமை மத்தியானம் எடுத்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் எடுத்தாள். வெளிச்சம் புகும் துளையை ஒரு படி திறந்து ஒன்று, ஒரு படி மூடி ஒன்று. யன்னல் வழியாக, கூரை ஓட்டைக் கழற்றி, ஒழுங்கையில் ஸ்ரூல் போட்டு ஏறி நின்று. ஒஸ்வால்டுக்குத் தான் யாரென்று காட்ட வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் அவளுக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை.

சுவர் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பிதுங்கிய சாந்து தெரிந்தது. மேசனின் கைவிரல் பதிந்த இடமும் தெரிந்தது.

ஒருநாள் ஜாபிரிடமிருந்து வாங்கிய படங்களை ட்ரொலி பஸ் ஓடிய பழைய வீதியோரத்தில் நின்றே பார்த்துக்கொண்டு போனவள், ஒரு படத்தில் நின்றுவிட்டாள். ஒஸ்வால்டின் மனைவி ஐறீன் சுவருக்குப் பக்கத்தில் கொடியில் உடுப்புக் காயப்போட வந்திருக்கிறாள். கமராவைக் கண்டதும் திரும்பியிருக்கிறாள். வாயில் இரண்டு கிளிப்புகள். கண் இரண்டும் மெற்றில்டாவைச் சுட்டெரிக்கின்றன. ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் வெயில்.

இருபது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் மனுசி. ஆனால் ஐறீனுக்கு இப்படி ஒரு முகம் இருப்பது மெற்றில்டாவுக்குத் தெரியாது. அந்தக் கோபத்துக்குள் ஒரு களைப்பு இருந்தது; நாளெல்லாம் அடுத்தவரின் அதட்டலைக் கேட்டுக் கேட்டு வந்த களைப்பு. சுவர் பின்னால் தெளிவாகத்தான் விழுந்திருந்தது. அவள் சுவரைப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

அவள் வீதிக்கு இறங்கினாள். ஆமர் வீதியில் பஸ் கொண்டக்ரர்கள், புறக்கோட்டையில் வெங்காய மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் முதலாளிமார், கொச்சிக்கடை அந்தோனியார் வாசலில் மெழுகுதிரி விற்கும் பெண்கள், வெயிலில் நின்று கைகாட்டும் போக்குவரத்துப் பொலிஸ். கமராவைக் கண்ணில் வைப்பாள். அவர்கள் சிரித்தால் எடுக்கமாட்டாள். காத்திருப்பாள். சிரிப்பு வெட்கமாகும், வெட்கம் எரிச்சலாகும், எரிச்சல் கோபமாகும். 'என்னடி பாக்கிறாய்' என்று ஒரு முகம் முன்னுக்கு வரும்போது அந்த ரஷ்யக் கமரா டக்கென்று கதவு சாத்துவதுபோலச் சத்தம் போடும். அவள் போய்விடுவாள். தமிழிலும் சிங்களத்திலும் தூஷணம் முதுகில் விழும். ஒரு மீன்காரி செதில் தண்ணீரை ஊற்றினாள். கன்னியாஸ்திரி ஒருவர் பங்குத் தந்தையிடம் முறையிட்டார். ஒஸ்வால்ட், தன் மனைவியின் உள்பாவாடை காய்வதை இவள் படமெடுக்கிறாள் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

"ஒங்கட படத்தப் பாத்தா எனக்கே பயமா ஈக்கி," என்றார் ஜாபிர். ஆனால் இப்போது அவர் அவளுடைய பிலிமை உதவியாளனிடம் கொடுக்காமல் தானே கழுவினார்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கமராக் கழகம் இருப்பதை அவள் பேப்பரில் பார்த்தாள். மாதத்தில் ஒரு மாலை கூடுவார்கள். டொக்டர்மார், கம்பனி டிரெக்டர்மார், ஓய்வு பெற்ற தோட்டத்துரை ஒருவர். தாமரை, சூரிய அஸ்தமனம், நீர்கொழும்புப் பாய்க்கப்பல், குடை பிடித்த பிக்கு என்று பலகையில் குத்தி வைத்து ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் பாராட்டிக்கொள்வார்கள். மெற்றில்டா ஐறீனையும் மீன்காரியையும் ஒரு கொண்டக்ரரையும் குத்தினாள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைக்குக் கிட்டப் போனார்.

"ஏன் இவர்கள் எல்லோரும் இப்படி இருக்கிறார்கள்?" என்று தலைவர் கேட்டார். "படம் என்றால் பார்க்கிறவருக்கு ஒரு சந்தோஷம் வரவேண்டாமா?"

"எனக்குச் சந்தோஷமாய்த்தான் இருக்கிறது," என்றாள் மெற்றில்டா ஆங்கிலத்தில்.

அந்தக் கழகத்தில் அவளைத் தவிர்த்து இருந்த ஒரே தமிழர் ஸ்ரீஸ்கந்தராசா. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் பிளற்றில் குடியிருந்தார், கம்பனி ஒன்றில் கணக்காளர். அவள் போய்த் தமிழில் வணக்கம் சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார். கூட்டம் முடிந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் பக்கத்தில் வந்து மெதுவாகக் கதைத்தார்.

"குறை நினையாதேங்கோ மிஸ் மெற்றில்டா. அங்க தமிழில கதைக்காமல் விடுறது நல்லம். ரெண்டு தமிழர் சேர்ந்து நிண்டாலே பாக்கிறவைக்குக் கூட்டம்."

"படம் எப்பிடி?"

அவர் சுற்றும் பார்த்தார். "படம் திறம். ஆனா உப்பிடியான படங்களால எங்களுக்குத்தான் கரைச்சல் வரும். கவனமா இருங்கோ." பிறகு தன் விசிற்றிங் கார்டை எடுத்துக் கொடுத்தார். "ஏதும் தேவையெண்டா எடுங்கோ. வீட்டு நம்பரும் இருக்கு."

கொழும்பில் அவளுக்கு அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர். கார்டை அவள் கைப்பையில் பத்திரப்படுத்தினாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் புலிகளின் தாக்குதலில் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. விடிந்தபோது கொழும்பின் கிழக்கு வானம் கரி பூசினதுபோல இருந்தது. காற்று திரும்பத் திரும்பப் புகை பேராலயத்துக் கோபுரத்துக்குமேல் ஏறி வந்தது. ஒழுங்கையில் எல்லோரும் வெளியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். தமிழர் வீடுகளில் அன்றைக்குப் பார்த்ததும் போதுமென்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்தது சுற்றிவளைப்புத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

மெற்றில்டா கமராவை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய வீடு ஓட்டு வீடு. ஒழுங்கையில் ஏறி நிற்கக்கூடிய தட்டையான இடம் ஒன்றே ஒன்றுதான். குசினி யன்னல் விளிம்பில் கால் வைத்து, ஒஸ்வால்ட் போட்ட கொங்கிறீற்றின் மேல் ஏறினாள்.

"இறங்கடி கீழ!" ஒஸ்வால்ட் முற்றத்தில் நின்று கத்தினான். "உனக்கென்ன விசரா? இண்டைக்கு நிண்டு படம் எடுக்கிற நாளா இது? என்ர கூரையில!"

"உங்கட கூரை இல்லை. என்ர சந்து," என்றாள் அவள், கண்ணைக் கமராவிலிருந்து எடுக்காமல்.

ஒரு பக்கம் புகை. மறுபக்கம் துறைமுகத்துக் கிரேன்கள். நடுவே உயரத்தில் கமராவோடு ஒரு தமிழ்ப் பெண். யார் போய்ச் சொன்னார்கள் என்பது கடைசிவரை தெரியவரவில்லை. அவள் இறங்கி முகம் கழுவுமுன் ஜீப் வந்துவிட்டது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு கொன்ஸ்டபிள் கமராவின் முதுகைத் திறந்து பிலிமை இழுத்தான். அது வெயிலில் சுருண்டு சுருண்டு வெளியே வந்தது. மெற்றில்டா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவனுடைய முகம் எந்த வெளிச்சத்தில் நன்றாக விழும் என்றுதான் மனம் போயிற்று. அதை நினைத்ததும் தன்மேலேயே பயம் வந்தது.

அவளைக் கூட்டுக்குள் போட்டார்கள். உள்ளே ஏற்கெனவே ஐந்தாறு பெண்கள், எல்லோரும் லொட்ஜுகளிலிருந்து அள்ளி வரப்பட்டவர்கள். காட்டிக்கொடுத்தது ஒஸ்வால்ட்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சுவரோரம் குந்தியிருந்து அவனுக்கு என்னென்ன செய்யலாம் என்று யோசித்தபடியே அன்றைய பொழுதைப் போக்கினாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மேசையில் அவள் படங்களைப் போட்டுவைக்கும் சப்பாத்துப் பெட்டிகள். வீட்டைச் சோதித்து அள்ளி வந்திருந்தார்கள். முறைக்கும் முகங்கள் மேசை நிறையப் பரவிக் கிடந்தன. அவர் சிங்களத்தில் கேட்டார். அவள் சிங்களத்தில் பதில் சொன்னாள்.

"இவர்கள் யார்?"

"தெரியாது. வீதியில் நின்றவர்கள்."

"ஏன் எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள்?"

"நான் படம் எடுப்பதால்."

"கோபப்படுவார்கள் என்று தெரிந்தும் ஏன் எடுக்கிறாய்?"

இவ்வளவு காலத்தில் ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. எடுக்காதே என்றார்கள், பைத்தியம் என்றார்கள். ஏன் என்று கேட்ட முதல் ஆள் இவர். அவள் சிங்களச் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"சிரிக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி, சேர். மற்றவர்களுக்காகச் சிரிக்கிறார்கள். கோபம் வந்தால் மற்றவர்களை மறந்துவிடுகிறார்கள். அப்போதுதான் அந்த ஆள் தெரிகிறார்."

இன்ஸ்பெக்டர் ஒரு படத்தைத் தனியே எடுத்தார். போக்குவரத்துப் பொலிஸ்காரன், தொப்பிக்குக் கீழே வியர்வை ஒழுக, பல்லைக் கடித்துக்கொண்டு. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்; அதை மற்றப் படங்களுக்கு அடியில் வைத்தார்.

"உன்னைத் தெரிந்த ஒருவரைச் சொல். மரியாதையான ஆளாக."

அவள் ஸ்ரீஸ்கந்தராசாவின் பெயரைச் சொன்னாள். அவருடைய கார்டு கைப்பையில் இருந்தது. அவர்கள் பக்கத்து அறையிலிருந்து தொலைபேசி எடுத்தார்கள். திரும்பி வந்த இன்ஸ்பெக்டரின் குரல் மாறியிருந்தது.

"அப்படி ஒரு பெண்ணைத் தனக்குத் தெரியாதாம். பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லையாம். தமிழன்தானே அவனும்? அவனுக்கே உன்னைத் தெரியாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் மேசையில் கிடந்த கார்டைப் பார்த்தாள்; வீட்டு நம்பரும் அதில் இருந்தது.

வெளியே யாரோ உரத்துக் கத்தும் சத்தம் கேட்டது. கிரேன் உயரத்திலிருந்து வருகிற குரல். பொலிஸார் அவளுடைய வீட்டைச் சோதிக்கும்போது அவள் ஒஸ்வால்டின் கூரையில் ஏறி நின்றபடியால் அவனுடைய வீட்டையும் கிளறியிருந்தார்கள். அரிசிப் பீப்பாவைக் கொட்டி, அலுமாரியை உடைத்து, போகும்போது அவனுடைய துறைமுகப் பாஸையும் கொண்டுபோய்விட்டார்கள். பாஸ் இல்லாமல் துறைமுக வாசலை மிதிக்க முடியாது. அதைக் கேட்டு வந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் அவனை உள்ளே அழைத்தார். "இவளைத் தெரியுமா?"

ஒஸ்வால்ட் மெற்றில்டாவைப் பார்த்தான். ஒரு சொல் போதும். தெரியாது என்றாலே போதும். சுவர், வழக்கு, கமரா எல்லாம் அன்றோடு முடிந்துபோகும். அவளுக்கும் அது தெரிந்தது. தலையைக் குனியாமல் அவனைத் திருப்பி முறைத்தாள்.

"தெரியுமாவா?" என்றான் ஒஸ்வால்ட் சிங்களத்தில். "சேர், இவளைப்போல ஒரு சனியன் கொழும்பிலேயே இல்லை. பிறந்ததிலிருந்து பக்கத்து வீடு. என் சுவருக்கு வழக்கு வைத்தவள். என் பெண்சாதி உடுப்புக் காயப்போட விடமாட்டாள். ஒரு வருடத்துக்கு மேலாக ஒரே சுவரை ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கிறாள். சொல்லுங்கள் சேர், எந்தக் கொட்டியா, எந்தப் புலி அப்படி எடுப்பான்? இவள் புலி இல்லை. சும்மா பிஸ்சு, விசரி. வாயை ஒரு நிமிடம் மூடிவைத்திருக்கத் தெரியாதவளை யார் இயக்கத்தில் சேர்ப்பார்கள்?"

கொன்ஸ்டபிள் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். மத்தியஸ்தத்தில் கேட்ட அதே மாதிரிச் சிரிப்புத்தான். இந்த முறை மெற்றில்டா அதை மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

பின்னேரம் அவளை விட்டார்கள். படப்பெட்டிகளைக் கொடுத்தார்கள். கமராவை வைத்துக்கொண்டார்கள். வாசலில் ஒஸ்வால்ட் பாஸைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நின்றான்.

"உனக்காகச் சொன்னனெண்டு நினைக்காத. உன்னை உள்ள வச்சா எங்கட ஒழுங்கையில நாளுக்கு நாள் செக்கிங் வரும்."

"நீர்தானே சொல்லிக் குடுத்தது?"

"நானா?" அவனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "நான் சொல்லுறதெண்டா உன்ர மூஞ்சைக்கு முன்னால நிண்டு 'சொல்லப்போறன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போய்ச் சொல்லுவன். ஒளிச்சுச் சொல்லுற பழக்கம் எனக்கில்லை."

அவள் நன்றி சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. வீதியின் இந்தப் பக்கத்தில் ஒருவரும் அந்தப் பக்கத்தில் ஒருவருமாக வீட்டுக்கு நடந்தார்கள்.

பிறகு வந்த நாட்கள் அதைவிடக் கேவலமாக இருந்தன. ஒழுங்கையில் தமிழர்கள் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். அவளால் தங்களுக்கும் வில்லங்கம் வரும் என்ற பயம். ஏஜென்சியில் அவளை முன் அறையிலிருந்து பின் அறைக்கு மாற்றினார்கள். தையில் கோட்டையில் குண்டு வெடித்து அலுவலகத்துக் கண்ணாடியெல்லாம் கொட்டுண்ட பிறகு, கூட வேலை செய்தவர்கள் அவள் இருக்கும் பக்கம் தேத்தண்ணிக்கும் வரவில்லை. றேமண்ட் எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் கத்தினான்: "அக்கா, அந்தச் சாமானைக் கடலில எறி." பொலிஸ் நிலையத்துக்கு நாலைந்து தரம் நடந்த பிறகு கமரா திரும்பி வந்தது. யாரோ உள்ளே எதையோ தேடிக் கிண்டியிருந்தார்கள். கதவு சாத்தும் அந்தச் சத்தம் இனி வராது என்று ஜாபிர் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"விடுங்க மிஸ். இந்த நாட்டுல இப்ப கமரா தூக்கிற காலமா?"

"உங்களிட்ட வேற இருக்கா?"

ஜாபிர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். உள்ளே போய், வாப்பா காலத்து இரட்டைக்கண் கமரா ஒன்றைத் தூசு தட்டிக் கொண்டுவந்து வைத்தார். மேலேயிருந்து குனிந்து பார்த்து எடுக்கும் கமரா. "ஒடைச்சீங்க எண்டா நான் மனுசனா ஈக்க மாட்டன்," என்றார்.

அதோடு பழகக் கொஞ்சக் காலம் பிடித்தது. அதுவரை கண்ணுக்குக் கண் முறைத்து எடுத்தவள், இப்போது எதிராளிக்கு முன்னால் தலையைக் குனிய வேண்டியிருந்தது. கண்ணாடியில் உருவம் இடம்வலம் மாறி ஆடியது. கோபப்படுகிறவர்கள், இவள் குனிந்து நிற்பதைக் கண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றமும் படத்தில் விழுந்தது. முன்னைய படங்கள் வெறும் சண்டைபோல அவளுக்கே தெரிய ஆரம்பித்தன.

அடுத்த ஆண்டு ஒரு மாலை, அந்தக் கமராவோடு கொள்ளுப்பிட்டிக் கழகத்துக்குப் போனாள். அவள் பொலிஸில் பிடிபட்ட செய்தி எல்லோருக்கும் போயிருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். ஸ்ரீஸ்கந்தராசா தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலோரம் நின்றார்.

அவரிடம் கேட்பதற்கு என்று பஸ்ஸில் வரும்போது அவள் வசனம் வசனமாக அடுக்கி வந்திருந்தாள். கிட்டப் போனதும் அதையெல்லாம் விட்டு, கமராவின் மூடியைத் திறந்து தலையைக் குனிந்தாள். அறை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. "இங்கே வேண்டாம், ப்ளீஸ்," என்றார் தலைவர். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் அவசரப்படாமல் தூரத்தைச் சரிசெய்து, விசையை அமர்த்தினாள். மெல்லிய ஒரு கிளிக், அவ்வளவுதான். மூடியைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். அந்தப் படி அவள் மறுபடி ஏறவில்லை.

சில மாதங்களின் பின் ஸ்ரீஸ்கந்தராசா ஏஜென்சிக்குத் தொலைபேசி எடுத்தார். வீட்டுக்கு ஒருக்கால் வரமுடியுமா என்றார். குரல் கெஞ்சியது. படத்தின் ஒரு பிரதியையும் கொண்டு வரச் சொன்னார். ஏச்சுப் பேச்சுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றுதான் மெற்றில்டா வெள்ளவத்தைக்குப் போனாள்.

பிளற்றில் பாதிச் சாமான் பெட்டிக்குள் இருந்தது. கனடாவுக்கு விசா கிடைத்திருந்தது. சுவரில் தாமரைகளும் அஸ்தமனங்களும் சட்டம் போட்டபடியே இருந்தன. அவருடைய மனைவி சிவமணி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவடியில் நின்றாள்.

அவர் படத்தைக் கையில் வாங்கினார். பின்னால் கழகத்தார் எல்லோரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் அவர், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. அந்தக் கோப்பை ஆடியது படத்திலும் தெரிந்தது.

"எல்லாரும் கோவமாப் பாக்கினம்," என்றார். "நான் மட்டும்தான் பயந்து நிக்கிறன்."

"ஓம்."

"மிஸ் மெற்றில்டா, அண்டைக்குப் போன் வரேக்க பக்கத்து ரூமில என்ர தம்பியின்ர பெடியள் ரெண்டு பேர். பதிவில்லாமல் வந்து நிண்டவங்கள். பொலிஸ் எண்டு கேட்டதும் என்ர வாயில என்ன வந்ததெண்டு எனக்கே தெரியாது."

"நான் உள்ள இருந்தனான்."

"தெரியும்." படத்தை மடியில் வைத்தார். "நெகட்டிவைத் தாங்கோ. கேக்க எனக்கு உரிமை இல்லை. ஆனா இதொண்டு எங்கயோ இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு நான் அங்க போய் எப்பிடி இருக்கிறது?"

மெற்றில்டா வாயைத் திறக்குமுன் கதவடியிலிருந்து குரல் வந்தது.

"குடுக்காதேங்கோ."

அவர் திரும்பினார். "சிவமணி..."

"குடுக்காதேங்கோ தங்கச்சி. எங்கட கலியாணப் படத்திலயும் இவர் சிரிப்பு, ஒப்பிஸ் பாட்டியிலயும் சிரிப்பு. பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கும் வந்தவங்களுக்குச் சிரிச்சுக்கொண்டுதான் கதவு திறந்தவர். நாங்கள் இஞ்ச எப்பிடி இருந்தனாங்கள் எண்டதுக்கு வேற ஒரு படமும் எங்களிட்ட இல்லை. அது ஆரிட்டயாவது இருக்கட்டும்."

பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போனது மெற்றில்டாவுக்கு அப்போதுதான் தெரியும். ஏசுவதற்காகக் கொண்டு வந்த வசனங்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தன. நெகட்டிவை அவள் கொடுக்கவில்லை. பிரதியை மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள். தேத்தண்ணியைக் குடிக்காமலே வந்தாள். அந்தளவு கோபம் மிச்சமிருந்தது.

தொண்ணூற்றெட்டில் பங்கு மண்டபத்தை ஒரு சனி ஞாயிறுக்குக் கேட்டு வாங்கி, தன் படங்களைத் தொங்கவிட்டாள். ஜாபிர் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஆணி அடித்தார். யன்னலோரத்து மனிதரின் படம் எங்கே என்று கேட்டார்.

"அது இதுக்குள்ள வராது," என்றாள். "அவர் என்னை முறைக்கேல்ல."

சனிக்கிழமை அதிகம் பேர் வரவில்லை. பூசைக்கு வந்த சிலர் எட்டிப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த முகத்தைக் கண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். பின்னேரம் ஐறீன் தனியாக வந்தாள். கிளிப்புகளைக் கடித்தபடி நிற்கும் தன் முகத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படியில் பலத்த காலடிச் சத்தம். ஒஸ்வால்ட், துறைமுகத்துக் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரோடு. மெற்றில்டா கதிரையிலிருந்து எழும்பினாள். ஜாபிர் சுத்தியலைக் கையில் எடுத்தார். ஒஸ்வால்ட் அவர்கள் இருவரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேரே போய், அறையின் மூலையில் பெரிதாகத் தொங்கிய, சுவரடியில் நின்று அவளை ஏசும்போது எடுபட்ட தன் படத்துக்கு முன்னால் நின்று, கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தான்.

"பாருங்கடா. எப்பிடி முறைச்சு நிக்கிறன் எண்டு."

அவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "மேலதிகாரிக்கு இதைக் காட்டினாப் போதும் அய்யே, லீவு தருவான்," என்றான் ஒருவன். பெரியதம்பி என்ற கொழுத்த மனுசன், லொறியில் மூட்டை ஏற்றுகிறவன், மெற்றில்டாவிடம் வந்தான்.

"மிஸ், என்னையும் இப்பிடி ஒண்டு எடுங்கோவன்."

"வாசலடியில நில்லும்."

நின்றான். அவள் கமராவின் மூடியைத் திறந்து குனிந்தாள். கண்ணாடியில் பெரியதம்பியின் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

"சிரிக்க வேண்டாம். கோவப்படும்."

"வருதில்லையே மிஸ்." இன்னும் கூடச் சிரித்தான். கூட்டாளிகளும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் கன்னத்தை இறுக்கிப் பார்த்தான், புருவத்தை ஏற்றிப் பார்த்தான், ஒன்றும் சரிவரவில்லை. மெற்றில்டா குனிந்தபடியே காத்திருந்தாள்.

ஒஸ்வால்டுக்குப் பொறுக்கவில்லை. "டேய், உன்ர ஓவர்டைமை வெட்டிப்போட்டு, 'தமிழனுக்கு இது போதும்' எண்டு சொன்னானே ஒருத்தன். அவன் இப்ப உனக்கு முன்னால நிக்கிறான் எண்டு நினை."

பெரியதம்பியின் சிரிப்பு நின்றது. கண் எங்கோ தூரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. மெற்றில்டா அமர்த்தினாள்.